பேரு வெட்டின கும்பா

என் வீட்டுக்காரவுக பேரை நான் சொல்ல மாட்டேன். ஊரு சிவசுப்பிரமணிய மேஸ்திரின்னு சொல்லும். மேலகரத்துல குத்தால ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் வேலை பாக்குதாவ. பஸ்ஸோ லாரியோ, சத்தத்தைக் கேட்டே எங்க நோவுன்னு சொல்லிருவாவ. கட்டுன பொண்டாட்டிக்கு எங்க நோவுன்னு மட்டும் கல்யாணமாகி ஒம்பது வருசம் ஆகியும் தெரியல.

என் பேரு குழல்வாய்மொழி. குத்தாலத்து அம்மன் பேரு. இம்புட்டு நல்ல பேரை வச்சுக்கிட்டு, அவுக வாயால அதை ஒரு தடவை நான் கேட்டதில்ல. "ஏட்டி, தண்ணி கொண்டா. ஏட்டி, சோத்தைப் போடு." அம்புட்டுதான் எங்க வீட்டுப் பேச்சு. பிள்ளையும் இல்ல. பிள்ளை இல்லாத வீட்டு ஆம்பிளைக்கு வெளிய கண்ணு போனா யாரு கேக்கன்னு அடுத்த வீட்டு முருகம்மாள் கிணத்தடியில வச்சு ஒரு நாள் சொன்னா. என்னைப் பாத்துச் சொல்லல. வாளியைப் பாத்துச் சொன்னா. யாருக்குச் சொன்னான்னு எனக்குத் தெரியாதாக்கும்?

அவ சொன்னதுக்குக் காரணம் தங்கபுஷ்பம். ஐந்தருவி போற ரோட்டுல பெரிய பங்களா. புருசன் மிலிட்டரியில ஆபீசரா இருந்து செத்துப்போனான். முப்பது முப்பத்திரெண்டு வயசு இருக்கும். செத்தவன் விட்டுட்டுப் போன ஒரு காரு அவகிட்ட இருந்துச்சு. பச்சைக் கலரு, ரெண்டு பேருதான் உக்காரலாம், மேல கூரை கிடையாது. சக்கரத்துல சைக்கிளு மாதிரி கம்பி. முன்னால தலையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பெரிய லைட்டு. ஆரியங்காவு எஸ்டேட்டு வெள்ளைக்காரன் உலகச் சண்டைக்கு முந்தி கப்பல்ல கொண்டாந்தது, ஓட்டப்பந்தயத்துக்குன்னே செஞ்ச காருன்னு சொல்லுவாவ. அதை அவளே ஓட்டுவா. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, தென்காசி பஜாருல அவ போனா, துணி அளந்துக்கிட்டு இருக்கவன் கூட அளவை மறந்துருவான்.

அந்தக் காருக்கு நோவு வந்தா வேற யாரும் தொடக் கூடாது. எங்க வீட்டு மேஸ்திரிதான் வரணும். காருக்கு வாரத்துல மூணு நாளு நோவு வந்துச்சு. காலையில போனா பொழுதடையத்தான் திரும்பி வருவாவ. வந்தும் அதே பேச்சு. "ஏட்டி, அந்த கார்புரேட்டர் இருக்கே, என்னா வேலைப்பாடு தெரியுமா." ஒம்பது வருசத்துல என் மூக்குத்தியைப் பாத்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்ல. எனக்கு வயிறு எரிஞ்சுது. நல்லாவே எரிஞ்சுது, அதைச் சொல்லுததுக்கு எனக்கு வெக்கம் ஒண்ணும் கிடையாது.

அறுபத்து மூணாம் வருசம் ஆடியில அந்தச் சம்பவம் நடந்துச்சு. சாரல்ல ரோடு வழுக்கி, ஐந்தருவி வளைவுல பாலத்துச் செவுத்துல காரை மோதிட்டா தங்கபுஷ்பம். அவளுக்கு ஒரு கீறல் இல்ல. வலது பக்கத்து லைட்டுதான் நசுங்கிப்போச்சு. கண்ணாடிக்கும் உள்ள இருக்க வெள்ளித் தட்டுக்கும் வெள்ளைக்காரன் காலத்து உபரி ஒண்ணு பெட்டியில இருந்துச்சாம். பின்னால இருக்க பித்தளைக் கூடுதான் கிழிஞ்சு நாரா ஆயிட்டு. சீமையில இருந்து வரவழைக்கணும், இல்லேன்னா அதே மாதிரி தட்டிச் செய்யணும்னு மேஸ்திரி ரெண்டு நாளா வீட்டுல மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தாவ.

மூணாம் நாளு என் கும்பாவைக் காணோம்.

கும்பான்னா சாதாரணக் கும்பா இல்ல. கல்யாணத்துக்கு எங்கப்பா தென்காசி தேரடியில பாத்திரக் கடையில நின்னு, கனம் பாத்து, கையில தூக்கித் தூக்கிப் பாத்து வாங்கின பித்தளைக் கும்பா. விளிம்பைச் சுத்தி மூணு கோடு. வெளிய வெட்டினா தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்சு போயிரும்னு சொல்லி, விளிம்புக்கு ரெண்டு விரக்கடை கீழ உள்பக்கமா என் பேரை முழுசா வெட்டச் சொன்னாரு. ஒம்பது வருசம் அதுலதான் நான் கஞ்சி குடிச்சேன். புளியும் சாம்பலும் போட்டு நானே தேய்ப்பேன், வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டேன்.

"கும்பா எங்க?"ன்னு கேட்டேன்.

"எங்கயாவது கெடக்கும்"னு சொல்லிட்டு, என் மூஞ்சியைப் பாக்காம சைக்கிளை எடுத்துட்டாவ.

அன்னைக்கே முருகம்மாள் வந்தா. துண்டுல என்னமோ உருண்டையா பொதிஞ்சு ஹேண்டில்பார்ல மாட்டிக்கிட்டு மேஸ்திரி பங்களாப் பக்கம் போனாவளாம். "என்ன பொருளுன்னு எனக்குத் தெரியாதுக்கா"ன்னு இழுத்தா. பாவி, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கா.

என் சீருப் பாத்திரம்! என் அப்பன் வாங்கிக் குடுத்தது! அதைக் கொண்டுபோய் அவளுக்குக் குடுத்தா என்ன அர்த்தம்? நான் சும்மா விடுதவளா? மறுநாளே சோத்துத் தூக்கை எடுத்துக்கிட்டு மேஸ்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோற சாக்குல பங்களாவுக்குப் போனேன். தண்ணி வேணும்னு சொல்லி நேரா அடுக்களைக்குள்ள புகுந்து, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஒவ்வொரு தட்டா தேடினேன். பீங்கான் கோப்பை, கண்ணாடித் தம்ளர், வெள்ளிக் கரண்டி. என் கும்பா இல்ல. படுக்கை அறையில வச்சிருக்காளோ என்னமோன்னு நெனைச்சேன். கும்பாவைப் படுக்கை அறையில எதுக்கு வைக்கப்போறா? பொறாமைக்கு அந்த யோசனை எல்லாம் கிடையாது.

வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் பேசாம இருந்தேன். அவுக அதைக் கவனிச்ச மாதிரியே தெரியல. லைட்டு ரெண்டும் மறுபடி ஜோடியா மின்னிக்கிட்டு அந்தக் காரு எங்க வாசல் வழியாப் போச்சு. மதுரையில குடுத்து முலாம் பூசிக்கிட்டு வந்தாவளாம். எது பழசு எது புதுசுன்னு பிரம்மாவுக்கே தெரியாதுன்னு ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அந்த லைட்டு மேல என்ன அக்கறை? என் நெனைப்பு பூரா கும்பா மேல.

மறு வருசம் ஆனி கடைசியில நல்ல சேதி ஒண்ணு வந்துச்சு. கல்கத்தாவுல ஒரு சேட்டு பழைய காருகளா வாங்கிச் சேக்குதானாம். தங்கபுஷ்பம் காரை வாங்கிக்கிடுதேன்னு எழுதியிருக்கான். ஆனா ஒரு கண்டிசன். ஆணியில இருந்து ஆரன் வரைக்கும் எல்லாம் கம்பெனி உருப்படியா இருக்கணும். உள்ளூர்ல செஞ்சு மாட்டுனது ஒண்ணு இருந்தாலும் வேண்டாம்னுட்டான். அதைப் பாத்துச் சொல்ல மெட்ராசுல இருந்து ஒருத்தரு வாராரு. வித்துட்டா தங்கபுஷ்பம் பங்களாவைப் பூட்டிக்கிட்டுக் கோயமுத்தூருல அண்ணன் வீட்டோட போயிருவா.

இதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியல. காரும் போயிரும், காருக்காரியும் போயிருவா. எம் புருசன் எனக்கு மிஞ்சுவாவ. நேரா அம்மன் சன்னிதிக்குப் போனேன். "தாயே, ஒம் பேருதான் எனக்கும். அந்தக் காருல எல்லாம் கம்பெனிச் சாமானா இருக்கட்டும். ஒனக்குப் பதினோரு தேங்கா ஒடைக்கேன்"னு வேண்டிக்கிட்டேன். காருக்காக அம்மன்கிட்ட மனு போட்ட பொம்பிளை இந்தச் சீமையில நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அந்த நாளு வந்துச்சு. நானும் போனேன். போகாம இருப்பேனா? பங்களா முகப்புல காரை நிறுத்தியிருந்தாவ. வெளிய சாரல் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. மெட்ராசுக்காரரு பேரு ஞானதுரை. அறுபது வயசு இருக்கும், கோட்டுப் பையில பூதக்கண்ணாடி, சின்ன டார்ச்சு, ஒரு நோட்டு. கல்கத்தாவுல மோட்டார் கம்பெனியில இருந்து ரிட்டயர் ஆனவராம். தங்கபுஷ்பம் வெள்ளைச் சேலையில தூணுக்குப் பக்கத்துல நின்னா. மேஸ்திரி கையைக் கட்டிக்கிட்டு ஒரு ஓரமா நின்னாவ. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அவ ஊரை விட்டுப் போறான்னுதான் இந்த மூஞ்சியோன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஞானதுரை அய்யா வேலை பாத்ததைச் சும்மா சொல்லக் கூடாது. என்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் ஒத்துப் பாத்தாரு. ஒரு போல்ட்டைக் கழத்தி மரையைப் பூதக்கண்ணாடியில பாத்து, "சீமை மரைதான்"னாரு. சீட்டு ஓரத்துத் தையல்ல விரலை விட்டு உள்ள இருந்து ஒரு இழையை உருவினாரு. "குதிரை முடி. நம்ம ஊர்ல திரும்பத் தச்சிருந்தா தேங்காய் நார் இருக்கும்"னு சிரிச்சாரு. கதவுக்குள்ள இருக்க மரச் சட்டத்தை நகத்தால சொரண்டி மோந்து பாத்து, தேக்கு இல்ல, சீமை மரம்னாரு. ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல ஒரு டிக். ஒவ்வொரு டிக்குக்கும் என் நெஞ்சுல பாலை வாத்த மாதிரி இருந்துச்சு.

"இவ்வளவு சுத்தமா வச்சிருக்கற வண்டியை நான் பாத்ததில்ல மேஸ்திரி. பெத்த பிள்ளை மாதிரி பாத்திருக்கீங்க"ன்னாரு.

பெத்த பிள்ளையாம். கேட்டுக்கிடுங்க.

கடைசியா லைட்டுக்கு வந்தாரு. இடது பக்கத்து லைட்டு வளையம் துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. "இதை நெருக்குனா கண்ணாடி போயிடும். வேண்டாம்"னுட்டு வலது பக்கம் வந்து, வளையத்தைக் கழத்திக் கண்ணாடியை எடுத்தாரு. உள்ள வெளிச்சத்தை வெளிய தள்ளுததுக்கு வெள்ளிப் பளபளப்பா ஒரு தட்டு. அதைச் சுத்தித் தெரிஞ்ச விளிம்புல டார்ச்சு அடிச்சாரு. தங்கபுஷ்பம் விரலைக் கடிச்சா. மேஸ்திரி தரையைப் பாத்தாவ.

"இங்க பாருங்க, மூணு கோடு"ன்னாரு ஞானதுரை அய்யா. "கண்ணாடி உக்கார்றதுக்குக் கடைசல் போட்ட கோடு. ஒட்டு வேலைக்காரன் இந்த நுணுக்கம் எல்லாம் பாக்க மாட்டான். இது இங்கிலாந்துல போட்ட கோடு. கம்பெனி உருப்படிதான்." நோட்டை விரிச்சு பென்சிலை எடுத்துட்டாரு.

நான் எட்டிப் பாத்தேன். மூணு கோடு. நடுக்கோட்டுல ஒரு எடத்துல சின்னதா ஒரு நெளிசல். ஒரு நாளு கோவத்துல நான் அம்மி மேல வீசினப்ப விழுந்த நெளிசல்.

எனக்கு எல்லாம் தெரியத்தான் செஞ்சுது. அந்த பென்சில் நோட்டுல பட்டுட்டா காரு கல்கத்தாவுக்கு, அவ கோயமுத்தூருக்கு. வாயை மூடிக்கிட்டு நின்னா நான் வேண்டிக்கிட்டது அப்படியே நடந்திரும். அம்மன் கைநீட்டிக் குடுக்கா, வாங்கிக்கோட்டி கூறுகெட்டவளேன்னு உள்ள ஒண்ணு சொல்லுது. ஆனா என் கும்பா! நான் கஞ்சி குடிச்ச கும்பா அவ காருக்குக் கண்ணா இருக்கு. ஒரு வருசமா அது வெளிச்சத்துல அவ ஊரு சுத்தியிருக்கா. எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்திட்டு.

"எந்த இங்கிலாந்து?"ன்னு கத்திட்டேன். "தென்காசி தேரடியில எங்கப்பா வாங்கின கும்பா அய்யா அது! எஞ் சீரு!"

ஞானதுரை அய்யா என்னைப் பாத்தாரு, மேஸ்திரியைப் பாத்தாரு. மேஸ்திரி துண்டை எடுத்துக் கழுத்தைத் தொடைச்சாவ. தங்கபுஷ்பம், "மேஸ்திரி, பித்தளைத் தகடு வாங்கித் தட்டினதாத்தானே சொன்னீங்க?"ன்னா.

அய்யா அந்த வெள்ளித் தட்டை மெதுவா உருவி எடுத்துட்டு, லைட்டுக் கூட்டுக்குள்ள டார்ச்சை விட்டாரு. குனிஞ்சு பாத்தாரு. மூக்குக் கண்ணாடியைத் தொடைச்சுட்டு மறுபடி பாத்தாரு. அப்புறம் எழுத்துக் கூட்டி வாசிச்சாரு.

"கு... ழல்... வாய்... மொழி."

"எம் பேருதான்"னேன்.

அவரு நிமிரல. உள்ளயே விரலை விட்டுத் தடவிக்கிட்டே பேசினாரு. "மேஸ்திரி, நான் ஏமாந்துட்டேன். நாப்பது வருசத்துல என்னை யாரும் இப்படி ஏமாத்தினதில்ல. ஆனா ஒண்ணு புரியல. இந்தக் கும்பாவை உள்ள இருந்து தட்டித் தட்டி ஆழமாக்கியிருக்கீங்க. அடி பக்கத்துல அடி, ஒரு நெல் அளவு எடம் விடல. இந்தப் பேரு இருக்கற பட்டையில மட்டும் ஒரு அடி கூட விழல. சுத்தியல் இதைச் சுத்திக்கிட்டுப் போயிருக்கு. அதனால இந்த எடம் வளைவுக்கு வரவே இல்ல, ஒரு நூல் அளவு உள்ள நிக்குது. இவ்வளவு தெரிஞ்ச கை, இந்தக் குத்தத்தை எதுக்கு விட்டுச்சு?"

மேஸ்திரி கால் விரலால தரையில ஒரு கோடு போட்டாவ. ஒரு வாசர் மாறிக் கெடந்தா ராத்திரி தூங்காத மனுசன் அவுக. ஒரு நூல் பிசகினதைக் காருல மாட்டி ஒரு வருசம் ஓட விட்டிருக்காவ.

தங்கபுஷ்பம் பக்கத்துல வந்து டார்ச்சை வாங்கி அவளே உள்ள பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் என் பக்கம் திரும்பினா. அந்த மூஞ்சி எனக்குப் பழக்கமான மூஞ்சி. ஒரு வருசமா தெனமும் காலையில தலை சீவும்போது கண்ணாடியில நான் பாத்த மூஞ்சிதான்.

"எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் ஒரு கரண்டியில கூட எம் பேரை வெட்டித் தந்ததில்ல"ன்னா. டார்ச்சை அய்யாகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, "அதைக் கழத்தி அவங்ககிட்டக் குடுத்துடுங்க மேஸ்திரி"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அய்யா நோட்டுல போட்ட டிக்குகளுக்குக் கீழ என்னமோ எழுதி மூடினாரு. சேட்டு காரை வாங்கல.

திரும்பி வரும்போது அவுக சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்தாவ. நான் கும்பாவை இடுப்புல வச்சுக்கிட்டுப் பின்னால நடந்தேன். வெளிப்பக்கம் கண்ணாடியா மின்னுது, உள்பக்கம் பூரா சுத்தியல் தழும்பு. அடியில வயரு போக ஒரு ஓட்டை. மேலகரம் எல்லை வந்ததும் என்னால அடக்க முடியல.

"எதுக்கு எங் கும்பாவை எடுத்தீக?"

"கையில அம்புட்டுது."

"பேரை எதுக்குத் தட்டாம விட்டீக?"

"வெட்டின எடம்லா. தட்டினா வெடிச்சிரும்."

பத்து வருசம் மேஸ்திரி பொண்டாட்டியா இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? "வெட்டுல ஈயத்தை ஊத்தி நிரப்பிட்டுத் தட்டினா எப்படி வெடிக்கும்?"னேன்.

அவுக நின்னாவ. சைக்கிள் பெல்லை எதுக்கோ ஒரு தடவை அடிச்சாவ. ரோட்டுல ஒரு ஆளு கிடையாது. காது ரெண்டும் செவந்து போயிருந்துச்சு.

"ஏட்டி, நனையாம வா"ன்னு சொல்லிட்டு முன்னால நடந்துட்டாவ.

அன்னைக்கப்புறம் தங்கபுஷ்பம் மேஸ்திரியைக் கூப்பிடல. செங்கோட்டையில இருந்து வேற ஆளு வந்தான். காரு ஒத்தை லைட்டோட எங்க வாசலைத் தாண்டிப் போகும். மேஸ்திரி கையில ஸ்பானரோட காதைத் தீட்டிக்கிட்டு நிப்பாவ. "மூணாவது பிளக்கு விட்டு விட்டு எரியுது"ன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிடுவாவ. அவுக ஏங்கினது காருக்குத்தான், காருக்காரிக்கு இல்லேன்னு அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. அது தெரிஞ்சும் கொஞ்சம் எரியத்தான் செஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன்.

ஐப்பசியில ஒரு நாளு சாயங்காலம் காரு எங்க வாசல்லயே நின்னுச்சு. தங்கபுஷ்பம் இறங்கல. கறுப்புக் கண்ணாடியைக் கழத்தி மடியில வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டா.

"ஒத்தை லைட்டுல இருட்டினப்புறம் ஓட்ட முடியலக்கா. அந்தக் கும்பாவைத் தருவீங்களா?"

"அதைத் தர மாட்டேன்"னேன். அவ தலையை ஆட்டிக்கிட்டுச் சாவியைத் திருப்பினா. ஒத்தைக் கண்ணோட அந்தக் காரையும், தனியா உக்காந்திருக்க அவளையும் பாத்தேன். "நில்லும்மா. ஒரு வாரம் பொறு"ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில தென்காசி தேரடிக்குப் போனேன். எங்கப்பா நின்ன அதே கடையில நின்னு, கனம் பாத்து, தூக்கித் தூக்கிப் பாத்து ஒரு கும்பா எடுத்தேன். கடைக்காரன் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கிட்டு, "என்ன பேரு வெட்டணும்க்கா?"ன்னான்.

"பேரு ஒண்ணும் வேண்டாம். வெறுங் கும்பாவாக் குடு"ன்னேன்.